வடிகட்டி பெற்ற குண்டூசி

என் மனைவியின் தம்பியை நான் ஒருநாளும் முட்டாள் என்று சொன்னதில்லை. முட்டாள்களுக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிட்டு அவர்கள் பாட்டுக்கு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இவன் படித்தவன். நகரத்துத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆற்றிலிருந்து வரும் கலங்கலை மணலில் இறக்கி, கரியில் இறக்கி, வலையில் இறக்கி, கண்ணாடி மாதிரி ஆக்கி ஊருக்குக் குழாயில் அனுப்பிய புண்ணியவான். வேலை போயும் பழக்கம் போகவில்லை. தேநீரை வடிகட்டிவிட்டு, வடிகட்டியதை மறுபடியும் வடிகட்டுவான். தண்ணீரைக் குடிக்கும் முன்னால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அது ஏதோ குற்றம் செய்துவிட்ட மாதிரி முறைப்பான். மழையில் நனைந்து வந்தால் குடையைப் பிழிந்து வடிகட்டுவான் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். அது மட்டும் கொஞ்சம் மிகை.

சொந்தபந்தத்தில் அவனுக்கு வடிகட்டி என்று பெயர். வைத்தவன் நான்தான். வடிகட்டின என்று தொடங்கினால் அடுத்து என்ன சொல் வரும் என்று எல்லாருக்கும் தெரியும், ஆகவே மீதியை நான் சொல்ல வேண்டிய அவசியமே வந்ததில்லை.

நான் நாடக அரங்கில் பிராம்ப்டராக இருந்தவன். மேடையின் ஓரத்தில் திரைக்குப் பின்னால் மறைந்து நின்று, வசனத்தை மறந்து விழிக்கும் நடிகனுக்கு அடுத்த சொல்லைக் கிசுகிசுப்பாக எடுத்துக்கொடுக்கிற வேலை. ராஜாக்கள், தளபதிகள், தேவதூதர்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு என் பக்கம் பார்த்த பார்வையை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு யார் மேலும் பெரிய மதிப்பு வைக்க முடியவில்லை.

வடிகட்டிக்கு ஒரே மகள். குழந்தையிலிருந்தே ஒல்லி, உடம்புக்குத் தலை கொஞ்சம் பெரிது. குண்டூசி என்று கூப்பிட்டோம். வளர்ந்து தையல்காரி ஆனதும் பெயருக்குப் பொருத்தமும் சேர்ந்துகொண்டது. நான் வேலை பார்த்த அதே அரங்கின் உடைப் பிரிவில் சேர்ந்தாள். ராணிகளின் அங்கிக்கு மணி கோப்பாள், சிப்பாய்களின் சட்டைக்குக் கை வைப்பாள். கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனியால் தடவியே, துணியின் எந்தப் பக்கம் வெளிப்பக்கம் என்று சொல்லிவிடுவாள். அவளுடைய வயிற்றுப்பாடு, பெருமை, பொழுதுபோக்கு எல்லாம் அந்த விரல் நுனியில்தான் இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்குக் குடலில் நோய். கிரோன் என்று பெயர் சொன்னார்கள். குடல் தானாகவே வீங்கிப் புண்ணாகி, சாப்பிட்டதைப் பாதியில் திருப்பி அனுப்பும். வலி வந்தால் மடங்கிப் போவாள். கழிப்பறைக்கும் படுக்கைக்கும் நடந்தே அந்த வீட்டின் தரையில் பாதை விழுந்துவிட்டது. தாய் இல்லாத பெண். அந்த மாதங்களில் வடிகட்டிதான் படுக்கை விரிப்பைத் துவைத்தான், வெந்நீர் வைத்தான், குளியலறைக் கதவுக்கு வெளியே ஒரு முக்காலியைப் போட்டு, உள்ளே மகள் மயங்கி விழுந்தால் சத்தம் கேட்க வேண்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த முக்காலியை நினைத்தால் என் வாய் கொஞ்சம் அடங்கும். கொஞ்சம்தான்.

கடைசியில் ஆபரேஷன் என்றார்கள். நல்லபடியாக முடிந்தது. குடல் டாக்டர் ஒரு பெண்மணி. தூக்கம் கெட்ட கண், தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாத வாய். வார்டில் எங்களை நிற்க வைத்துச் சொன்னார்.

"சிறுகுடலோட கடைசிப் பகுதி ரொம்பக் கெட்டுப்போயிருந்தது. அத எடுத்துட்டு மீதிய பெருங்குடலோட சேர்த்துட்டோம். இனிமே பி-12 ஊசி மட்டும் ஆயுசுக்கும் போட்டுக்கணும். விடவே கூடாது."

வடிகட்டி தலையை ஆட்டினான். ஊர் மேயர் அவனிடம் ஆலோசனை கேட்ட மாதிரி ஆட்டினான். வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் வாயைத் திறந்தான்.

"நான் எத்தனை குழாய வெட்டி ஒட்டியிருப்பேன், அத்தான். கெட்டுப்போன துண்ட எடுத்துட்டு ரெண்டு முனையையும் சேர்த்தா தண்ணி போகாம நின்னுடுமா? ஒட்டு கசியாம இருந்தா போதும்."

"குடலு குழாயா, மச்சான்?"

"பின்ன என்ன, புல்லாங்குழலா?"

என் மனைவி முன்னிருக்கையிலிருந்து திரும்பினாள். "தம்பி, டாக்டரம்மா சொன்னத மட்டும் செய். உன் மேதாவித்தனத்த எல்லாம் மூட்டை கட்டி வை."

அவன் மூட்டையைக் கட்டவில்லை. அவிழ்த்தான்.

முதலில் பால் போனது; குழாயில் படியும் என்றான். முட்டை போனது, ஒட்டும். இறைச்சி போனது; நார் வலையில் சிக்கும். விதையுள்ளது, தோலுள்ளது, கடிக்கிற மாதிரி இருப்பது என்று ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் சலித்த மாவில் காய்ச்சிய கஞ்சியும், பச்சை இலைகளை அரைத்துப் பிழிந்து வடிகட்டிய சாறும் மட்டும் மிஞ்சின. அவள் கிண்ணத்தில் விழுந்ததைவிட அவன் வலையில் தங்கியதுதான் அதிகம். ஒருநாள் அந்த வலையை என் மூக்குக்கு நேரே நீட்டி, "பாருங்க அத்தான், இவ்வளவும் எம் பொண்ணு குடலுக்குள்ள போயிருக்கும்" என்றான். அவன் அந்தப் பக்கம் திரும்பியதும் வலையில் இருந்ததை நான் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

குண்டூசிக்கு முடி கொட்டியது. உதட்டு ஓரம் வெடித்தது. நகங்கள் உள்வாங்கிக் கரண்டி மாதிரி ஆயின. ஒவ்வொரு நகத்திலும் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கும். ஒருமுறை தும்மியதில் விலா எலும்பில் கீறல் விழுந்தது. வடிகட்டி தும்மலைக் குற்றம் சொன்னான். ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்குப் போனபோது இரும்புச்சத்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றினார்கள், ஊசியைப் போட்டார்கள், எலும்புக்கும் மற்றதற்கும் மாத்திரைகள் கொடுத்தார்கள். பால், முட்டை எல்லாம் நன்றாகச் சாப்பிடச் சொல்லியும் அனுப்பினார்கள். முகம் கொஞ்சம் தெளிந்தது.

இலைச்சாற்றால் தெளிந்தது என்று வடிகட்டி முடிவு செய்தான். செய்ததோடு ஊசியை நிறுத்தினான்.

"குழாய் சரியாயிடுச்சு. அப்புறம் எதுக்கு வெளியில இருந்து ஊத்தணும்?" என்றான். மாத்திரைகளையும் ஒவ்வொன்றாக ஓரங்கட்டினான். ஒன்றை மட்டும் விட்டுவைத்தான். ஃபோலிக் ஆசிட் என்ற மாத்திரை. பச்சை இலைகளில் இருக்கிற சத்துதான் அது என்று மருந்துக்கடைக்காரர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். தன் கட்சிக்காரன் என்று அதற்கு மட்டும் வீட்டில் இடம் கொடுத்தான்.

அதற்கடுத்த வருஷம் தெருமுனைப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் பார்த்தபோது, ரத்தம் பிரமாதமாக இருந்தது. நம்பவே முடியாத பிரமாதம். வடிகட்டி அந்தத் தாளை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஒட்டி, பணி ஓய்வின்போது கொடுத்த கேடயத்துக்குப் பக்கத்தில் மாட்டினான். வருகிறவன் போகிறவன், மின்சார மீட்டர் பார்க்க வந்தவன், எல்லாரும் அதற்கு முன்னால் நிறுத்தப்பட்டார்கள். குடல் டாக்டரிடம் போவதும் நின்றது. "நல்லா இருக்கிற பொண்ண ஏன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போகணும், நோய வாங்கிக்கிட்டு வரவா?" என்பான். மகளும் சரி என்றாள். வார்டின் வாசனையை நினைத்தாலே அவளுக்குக் குமட்டும். தவிர, முக்காலியில் உட்கார்ந்த மனிதரிடம் எப்படி மாட்டேன் என்று சொல்வது?

ஓய்வு பெற்ற எனக்கு ஊர்சுற்றுவதைத் தவிர வேறு என்ன வேலை. நான் வாரத்தில் பாதி நாள் பழைய அரங்கின் உடைப் பிரிவில்தான் இருப்பேன். மாடியில் நீளமான அறை. தலையில்லாத பொம்மைகள் வரிசையாகச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கும். இஸ்திரிப்பெட்டி பெருமூச்சு விடும். அங்கே தலைவி ஒரு அம்மாள். வெட்டுமேசையிலும் சரி, வாயிலும் சரி, அவளுக்குக் கத்திரி என்றுதான் பெயர்.

அன்று புது நாடகத்துக்கு ராணியின் வெள்ளை அங்கி தயாராகிக்கொண்டிருந்தது. கத்திரி அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். விளிம்பு நெடுகச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள்.

"இது ராணி உடுத்துற அங்கியா, கசாப்புக்கடைக்காரன் தோள்ல போடுற துண்டா?" என்றாள்.

குண்டூசி தலையைக் குனிந்துகொண்டு மடிப்புக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள். நான் தேநீர்க் கோப்பையோடு அவள் பக்கத்தில் போய் நின்றேன். அவளுடைய ஆள்காட்டி விரலில் ஒரு குண்டூசி நேராக நின்றுகொண்டிருந்தது. மேடையில் நட்ட கொடிக்கம்பம் மாதிரி.

"உன் விரல்ல ஊசி நிக்குது" என்றேன்.

அவள் பார்த்தாள். ஒட்டியிருந்த நூலை எடுப்பதுபோல அதைப் பிடுங்கி டப்பாவில் போட்டாள். "ஓ" என்றாள்.

"ஓவா? நானா இருந்தா கத்துற கத்துல கூரை போயிருக்கும்."

"நீங்க கொசு கடிச்சாலே ஆம்புலன்ஸ கூப்பிடுவீங்க, மாமா."

"பேச்ச மாத்தாத."

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "காலுதான் முதல்ல. வெறுங்காலோட தரையில நிக்கிறேன், ஆனா தடியா காலுறை போட்ட மாதிரி இருக்கு. இருட்டுல நடந்தா ஆடுது. அப்புறம் கையில வந்துச்சு. துணி எது, என் தோல் எது, தெரிய மாட்டேங்குது. கண்ணாலதான் தைக்கிறேன். கண்ணு அந்தப் பக்கம் போனா ஊசி இந்தப் பக்கம் போயிடுது."

"உங்கப்பன்கிட்ட சொன்னியா?"

"எப்படி மாமா சொல்றது. அந்த பிளாஸ்டிக் உறைய பாத்தீங்கல்ல. அது முன்னாடி நின்னுதான் பல்லு தேய்க்கிறார்."

கத்திரி எங்கள் பின்னால் வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. கேட்டிருப்பாளோ என்னவோ. "இந்த நாடகம் மேடையேறட்டும்" என்றாள், குரலைத் தணித்து. "அதுக்கப்புறமும் இப்படித்தான்னா, உன்ன வெள்ளைத் துணிப் பக்கம் விட முடியாதும்மா. பட்டன் பிரிச்சு டப்பாவுல போடுற வேலைதான் தர முடியும்." அவள் திட்டியிருந்தால் தேவலாம். கத்திரி தணிந்து பேசினால் முடிவு செய்துவிட்டாள் என்று பொருள்.

நான் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். விரல் முழுக்க ஊசி, முள்ளம்பன்றி தோற்றது என்றேன். அவள் வழக்கப்படி நான் சொன்னதில் முக்கால்வாசியைத் தள்ளுபடி செய்தாள். மிஞ்சிய கால்வாசியே அவளைச் செருப்பை மாட்ட வைத்தது. இரண்டு பேரும் வடிகட்டி வீட்டுக்குப் போனோம். அவன் சமையலறையில் இலையைப் பிழிந்துகொண்டிருந்தான். முழங்கை வரை பச்சை.

"டேய், அவ விரல்ல உணர்ச்சி இல்லையாம்டா."

"தைக்கிறவ விரலு காய்ச்சுத்தான் போகும், அக்கா. வால்வு திருப்பித் திருப்பி என் உள்ளங்கையும் இப்படித்தான் இருக்கு. தொட்டுப் பாரு."

"காலும் மரத்துப் போகுதாம். காலாலயா தைக்கிறா?"

"நின்னுகிட்டே வேல செய்றால்ல. ரத்தம் கீழ எறங்கும்." பச்சைக் கையால் சுவரைக் காட்டினான். "ரத்தத்த பாரு. உன் ரத்தம் இவ்வளவு நல்லா இருக்கா? அத்தான் ரத்தம் இருக்கா?"

"என் ரத்தத்துல பாதி தேநீர். அதயும் நான் வடிகட்டுறதில்ல" என்றேன்.

"உங்களுக்கு எல்லாம் கேலி. சரி. அடுத்த வாரம் எங்க ஓய்வூதியர் சங்கத்துல பேசுறேன். குடலும் குடிநீரும்னு தலைப்பு. அங்கேயே மேடையில எம் பொண்ண ஒரு பட்டன் தைக்கச் சொல்றேன். உணர்ச்சி இருக்கா இல்லையான்னு ஊரே பாக்கட்டும்."

என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அன்று மாலையே மகளைத் தனியாகப் பிடித்து, நாளைக்கே டாக்டரிடம் போகலாம் வா என்றாள். "அப்பா பேசி முடிக்கட்டும் அத்தை. அவருக்கு அது ஒண்ணுதான் இருக்கு" என்றுவிட்டாள் அந்தப் பெண். பாசம் என்பது இப்படித்தான். ஆளைக் கொல்லும்போதுகூட முறைப்படி அனுமதி வாங்கிக்கொள்ளும்.

எள் போட்டால் எள் விழாத கூட்டம் என்று வடிகட்டி பின்னாளில் சொல்லித் திரிந்தான். எள்ளென்ன, பூசணிக்காயையே உருட்டலாம். தண்ணீர் நிலையத்தின் பழைய பெருச்சாளிகள் இங்கொருவர் அங்கொருவராக, பிஸ்கட் வரும் என்ற நம்பிக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப்பேர் தூக்கம். மீதிப்பேர் காது மந்தம். நான் முன்வரிசையில் நடு நாற்காலியைப் பிடித்தேன்.

மேடையில் ஒரு மேசை. மேசைமேல் நீளமான கண்ணாடிக் குழாய், உள்ளே நீலத் தண்ணீர். வடிகட்டி மாவு உருண்டையைப் போட்டு அடைத்தான். தண்ணீர் நின்றது. அடைத்த துண்டைக் கழற்றி எறிந்துவிட்டு மீதியை ரப்பர் வளையத்தால் இணைத்தான். தண்ணீர் ஓடியது.

"இதுதான் ஆபரேஷன். இவ்வளவுதான். இதுக்குப் போய் ஆயுசுக்கும் ஊசி போடணும்னு சொல்றாங்க."

ஒருவர் கைதட்டினார். தூக்கத்தில் தட்டினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"இப்ப எம் பொண்ண கூப்பிடுறேன். சாகக் கெடந்த பொண்ணு." கோட்டின் நடுப் பட்டனைப் பிடித்துச் சுண்டிப் பிய்த்தான். அதை முன்கூட்டியே பாதி அறுத்து வைத்திருந்தான் என்பது முன்வரிசைக்குத் தெளிவாகத் தெரிந்தது. "வாம்மா. இத தை."

குண்டூசி மேடையேறினாள். படியில் கால் வைக்கும்போது குனிந்து படியைப் பார்த்துக்கொண்டுதான் வைத்தாள். மேடை விளக்கு அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கோட்டின் முன்பக்கம் இருட்டு. அவன் ஒரு நிமிஷம் சும்மா நிற்கிற பிறவியா? கையை வீசுகிறான், குழாயைக் காட்டுகிறான், திரும்புகிறான், நெஞ்சை நிமிர்த்துகிறான். அவள் அவனோடு சேர்ந்து நகர்ந்து நகர்ந்து தைத்தாள். கண்ணால் தைக்கிற பெண்ணுக்குக் கண்ணில் படுகிற மாதிரி ஒரு இடம் நிற்கவில்லை. தைத்து முடித்தாள். முடிச்சுப் போட்டாள். பல்லால் நூலைக் கடித்துவிட்டுக் கையை எடுத்துப் பின்னால் ஒரு அடி வைத்தாள்.

கோட்டும் கூடவே வந்தது.

கூட்டம் சிரித்தது. தூங்கியவர்கள்கூட எழுந்து சிரித்தார்கள். அதுவரை நடந்ததிலேயே அவர்களுக்குப் பிடித்த கட்டம் அதுதான்.

"விடும்மா" என்றான் வடிகட்டி, சிரிப்பைக் கெடுத்துவிடாமல்.

"நான் விட்டுட்டேன்பா" என்றாள் அவள். "அதுதான் விடல."

அவன் குனிந்து பார்த்தான். பட்டனைப் பிடித்திருந்த நூல் பட்டனின் துளை வழியாகப் போய், அவளுடைய இடது கை நடுவிரல் நுனியின் தோல் வழியாக வந்து, மறுபடியும் கோட்டுக்குள் போயிருந்தது. நேர்த்தியான தையல். ஒரு இழை பிசகவில்லை. அவனுடைய வெள்ளைச் சட்டையில் சிவப்பு மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. அவன் பீற்றிக்கொண்ட அதே பிரமாதமான ரத்தம்.

"வலிக்கலையா?"

"இல்லப்பா."

"எப்போலேர்ந்து?"

"ஊசிய நிறுத்தினதுக்கு அப்புறம் சில மாசத்துல. கால்ல ஆரம்பிச்சது."

ஒலிபெருக்கி போட்டிருந்ததால் ஊருக்கே கேட்டது. சிரிப்பு நின்றது. வடிகட்டி வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. மூடினான். திறந்தான். பேயறைந்த முகத்தோடு முன்வரிசையை, என்னை, பார்த்தான்.

அந்தப் பார்வை எனக்கு அத்துப்படி. எத்தனை ராஜாக்கள், எத்தனை தளபதிகள். என் தொண்டை தானாக வேலை செய்தது.

"ஆஸ்பத்திரி" என்று கிசுகிசுத்தேன்.

"ஆஸ்பத்திரி" என்றான் ஒலிபெருக்கியில்.

"வண்டி."

"வண்டி" என்றான்.

என் தொழில்வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக வசனத்தை வாங்கிச் சொன்ன நடிகன் கிடையாது. என் மனைவி அதற்குள் மேடையேறி, கைப்பையிலிருந்து நகவெட்டியை எடுத்து நூலை அறுத்துவிட்டாள். அறுத்துக்கொண்டே தம்பியிடம் என்னமோ சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது.

ஆஸ்பத்திரியில் அதே குடல் டாக்டர். இன்னும் தூக்கம் வரவில்லை போலிருந்தது. காலில் இரண்டு பல் முள்கரண்டி மாதிரி ஒரு இரும்பைத் தட்டி வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை. கண்ணை மூடி நிற்கச் சொன்னார். குண்டூசி சாய்ந்தாள், நான் பிடித்தேன். டாக்டர் மருந்து எழுதிக்கொண்டே கேட்டார்.

"ஊசிய யாரு நிறுத்தினது?"

வடிகட்டி குழாயிலிருந்து ஆரம்பித்தான். மணல், கரி, வலை, ஒட்டு, கசிவு. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். அப்படிப் பொறுமையாகக் கேட்டதே ஒரு தண்டனை.

"குழாயப் பத்தி நீங்க சொன்னதெல்லாம் சரி" என்றார் கடைசியில். "ஆனா நான் வெட்டினது குழாய் இல்ல. போற வழியில சத்த உறிஞ்சி எடுக்கிற உறுப்பு. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வேலை. பி-12-ஐ எடுக்கிற வேலை அந்தக் கடைசிப் பகுதிக்குத்தான் தெரியும். அது இப்ப இல்ல. மலையளவு முட்டை சாப்பிட்டாலும் வேணுங்கிற அளவுக்கு உள்ள போகாது. அதுக்குத்தான் ஊசி."

"ரத்தம் நல்லா இருந்துச்சே, டாக்டர்."

"அதுதான் மோசம். நீங்க விட்டுவச்ச மாத்திரையும் உங்க இலைச்சாறும் ரத்தத்த மட்டும் தூக்கி நிறுத்தியிருக்கு. ரத்தம் கெட்டிருந்தா யாராவது முன்னாடியே கேட்டிருப்பாங்க. அது நல்லா இருந்ததால, அடியில நரம்பு பட்டினி கெடந்தது யாருக்கும் தெரியல."

"அப்போ அந்தப் பகுதிக்குப் பதிலா வேற ஒரு துண்டு இணைச்சு..." என்று ஆரம்பித்தான் அந்தப் படித்த ஜென்மம்.

"வெளியில உக்காருங்க" என்றார் டாக்டர்.

வெளியே போய் உட்கார்ந்தான். பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. அவன் ஓரத்தில் கிடந்த ஒரு முக்காலியை இழுத்து, கதவோடு கதவாகப் போட்டு, காதைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். என்னவோ, அந்த நேரத்தில் எனக்கும் யாராவது எடுத்துக்கொடுக்க வேண்டியிருந்தது.

ஊசி ஆரம்பித்தது. முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு இடைவெளி விட்டு. பால் வந்தது, முட்டை வந்தது, எலும்புக்கு மாத்திரை வந்தது. எது திரும்பும் எது திரும்பாது என்று இப்போதே சொல்ல முடியாது என்றார் டாக்டர். வெள்ளை அங்கியை வேறொருத்தி முடித்தாள். குண்டூசி பட்டன் பிரித்துப் போட்டாள். பெரியது, சிறியது, நாலு துளை, இரண்டு துளை. கத்திரி அவள் பக்கம் போகும்போதெல்லாம் வேண்டுமென்றே ஒரு துண்டுத் துணியை மேசையில் போட்டுவிட்டுப் போவாள். குண்டூசி கண்ணை மூடித் தடவிப் பார்ப்பாள். தலையை ஆட்டுவாள். கத்திரி ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போவாள்.

பல மாதம் இப்படியே போனது. நான் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு பகலில், பட்டன் மேசையிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை கேட்டது. நல்ல தரமான கெட்ட வார்த்தை. சிப்பாய் வேஷக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். குண்டூசி விரலை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குது, மாமா."

கத்திரி அன்று மாலையே ஒரு வெள்ளைக் கழுத்துப்பட்டியை அவள் மடியில் எறிந்தாள். "கறை பட்டா கொன்னுடுவேன்" என்றாள். பழைய குரல்.

வடிகட்டி திருந்திவிட்டான் என்று நினைத்தால் உங்களுக்கு அவனைத் தெரியவில்லை. இப்போது அவன் ஊசிக் கட்சி. அதே சங்கத்தில், அதே கோட்டோடு, கண்ணாடிக் குழாயின் ஒரு துண்டில் பஞ்சை அடைத்து வைத்துக்கொண்டு, குடல் குழாய் இல்லை, பஞ்சு என்று பேசுகிறான். இதைக் கண்டுபிடித்தது தான்தான் என்று பாதிப்பேர் நம்பும்படி பேசுகிறான். சுவரில் பழைய தாள் இருந்த இடத்தில் புதுத் தாள் தொங்குகிறது. பிளாஸ்டிக் உறை அதேதான்.

ஆனால் வீட்டில் பேசுவது குறைந்துவிட்டது. அதற்குக் காரணம் மகளுடைய இடது கைச் சுண்டுவிரல். மற்ற விரல்கள் எல்லாம் திரும்பிவிட்டன, அது மட்டும் வரவில்லை. இனி வராது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். சாப்பாட்டு மேசையில் வடிகட்டி தொண்டையைக் கனைத்து, "அதாவது அத்தான், இந்தக் கல்லீரல்னு ஒண்ணு இருக்கே, அது ஒரு மாதிரி நீரேற்று நிலையம்" என்று தொடங்குவான். குண்டூசி தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், சட்டைக் காலரில் எப்போதும் செருகி வைத்திருக்கும் குண்டூசியை எடுத்து, அந்தச் சுண்டுவிரலில் நிதானமாகக் குத்தி நிறுத்துவாள். நிறுத்திவிட்டு முட்டையை எடுத்துச் சாப்பிடுவாள்.

அவன் வாய் அப்படியே நிற்கும். என் பக்கம் திரும்பிப் பார்ப்பான்.

நான் எடுத்துக்கொடுப்பதில்லை.